வாடகை வான் பிடிக்காமல் சிவனொளிபாதமலை போய்வர முடியுமா?

கேள்வி: நாங்கள் வவுனியா. ஏப்ரல் பாடசாலை விடுமுறையில் சிவனொளிபாதமலைக்குப் போக ஆசை. நான், கணவர், 63 வயது அம்மா, 11 வயது மகன். வான் பிடிக்க வசதியில்லை. கொழும்புக்குப் போய் இரவு ரயிலில் ஏறினால் நேரே ஹட்டனில் இறங்கலாம், அங்கிருந்து பஸ்ஸில் போனால் விடியும்போது உச்சியில் நிற்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரிவருமா?

பதில்: பஸ்ஸிலேயே தாராளமாகப் போய்வரலாம், சகோதரி. மலையகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போகிறோம். ஆனால் அந்த இரவு ரயில் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஏன் என்று பாருங்கள். கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில் ஹட்டனைத் தொடும்போது வழக்கமாக அதிகாலை இரண்டு மணி ஆகிவிடும். ஹட்டனிலிருந்து மலையடிவாரமான நல்லதண்ணிக்கு ஏறக்குறைய 33 கிலோமீற்றர், முழுக்க வளைவு. பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். அதாவது நாலு மணிக்குத்தான் முதல் படியில் கால் வைப்பீர்கள். நல்ல திடகாத்திரமான இளைஞனுக்கே ஏற மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ஏப்ரலில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், நீங்கள் பாதி வழியில் நிற்பீர்கள். அதுவும் தூங்காத கண்ணோடு, அம்மாவையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு. வேண்டாம்.

போதாததற்கு, 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை மண்சரிவால் பல இடங்களில் உடைந்தது. எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று புகையிரத நிலையத்தில் கேட்காமல் ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். கண்டிப் பக்கமிருந்து பகல் ரயில் ஓடினால் மகனுக்காக ஒருமுறை ஏறிப் பாருங்கள், நாவலப்பிட்டி தாண்டியதும் தேயிலை மலைகள் ஜன்னலுக்கே வந்துவிடும். ஹட்டன் வரும் முன்பே பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். ஹட்டனை விட்டுக் கொட்டகலைக்குப் போகும் வழியில்தான் சிங்கமலைச் சுரங்கம். அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்து பெட்டி இருட்டி, பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டால் நீங்கள் இறங்க வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது என்று அர்த்தம்.

உங்களுக்குக் கொழும்பு தேவையே இல்லை. வவுனியாவிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி, கண்டியிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து நல்லதண்ணி. மூன்றே பஸ். கண்டியில் நீங்கள் இறங்கும் இடத்திலேயே ஹட்டன் பஸ்ஸும் நிற்கும் என்று எண்ண வேண்டாம், இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வவுனியாவில் விடியற்காலையிலேயே ஏறினால் பின்னேரம் ஹட்டனில் நிற்கலாம். பருவகாலத்தில், அதாவது டிசம்பர் மாதப் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) மே மாத வெசாக் போயா வரை, ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேரடி பஸ் உண்டு. "ஸ்ரீபாத, ஸ்ரீபாத" என்று கூவிக்கொண்டே ஆள் ஏற்றுவார்கள். பருவம் முடிந்தால் மஸ்கெலியாவில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும், படிகளில் விளக்கும் எரியாது, தேத்தண்ணிக் கடைகளும் இருக்காது, அட்டைக் கடியும் சேரும். முதல் தடவை போகிற குடும்பத்துக்கு அந்தக் காலம் சரியில்லை.

மஸ்கெலியாவைத் தாண்டும்போது மவுசாகலை நீர்த்தேக்கம் தெரியும். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. நீர் நன்றாக வற்றிய நாட்களில் பழைய கோயில் வெளியே தலைகாட்டும். மகனுக்குக் காட்டுங்கள்.

அன்றிரவு நல்லதண்ணியிலேயே தங்குங்கள். என் திட்டத்தின் உயிரே இதுதான். அடிவாரத்தில் சின்னச் சின்னத் தங்குமிடங்கள் நிறைய உண்டு, முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏழு மணிக்குச் சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்து, ஒரு மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்குங்கள். அம்மா இருப்பதால் ஐந்து மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.

இனி, எந்த நாளில் போவது? போயா நாளும் சனி, ஞாயிறும் வேண்டவே வேண்டாம். மேலே கடைசிப் படிகளில் சனம் அப்படியே நின்றுவிடும். ஒரு படி ஏறப் பத்து நிமிடம் காத்து நின்ற இரவுகள் எனக்கு உண்டு. வேர்த்த உடம்பில் குளிர்காற்று படும்போது சின்னப் பிள்ளைகள் நடுங்குவதைப் பார்க்கவே முடியாது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாட்களையும் தவிருங்கள். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வரும் நேரம் அது, பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. 13, 14ஆம் திகதிகளில் பஸ்ஸே குறைந்துவிடும். போயாவையும் புத்தாண்டையும் விட்டுவிட்டு, விடுமுறைக்குள் வரும் ஒரு செவ்வாய், புதனைப் பாருங்கள். ஏப்ரலில் பின்னேரங்களில் இடிமழை சகஜம், காலை பெரும்பாலும் வெளித்திருக்கும். மழைக்கோட்டு ஆளுக்கொன்று கட்டாயம்.

மலை 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து 5,000க்கு மேல் படி. முதல் பகுதி நடைபாதை மாதிரிதான். ஜப்பானிய பிக்குகள் கட்டிய வெள்ளைச் சமாதான தாதுகோபுரம் வழியில் வரும், அதன் பிறகு சீத கங்குல ஓடையில் எல்லோரும் முகம் கழுவுவார்கள். அதற்கப்புறம்தான் மலை தன் குணத்தைக் காட்டும். படிகள் ஒரே அளவில் இருக்காது, ஒன்று அரையடி, அடுத்தது முழங்கால் உயரம். கடைசிச் செங்குத்தில் கைப்பிடிக் கம்பி உண்டு.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏறுவதில் அவருக்கு மூச்சுத்தான் வாங்கும், உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்தால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் முழங்கால் போகும். எங்கள் தோட்டத்துப் பாட்டிமார் இறங்குவதைக் கவனித்திருக்கிறேன். நேரே பார்த்து இறங்க மாட்டார்கள். பக்கவாட்டாகத் திரும்பி, தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, ஒரு காலை வைத்து, மற்றக் காலையும் அதே படியில் சேர்த்த பிறகுதான் அடுத்த படி. பார்க்க மெதுவாக இருக்கும். ஆனால் அடுத்த நாள் கொழுந்து பறிக்கப் போவது அவர்கள்தான், குதித்துக் குதித்து இறங்கிய பேரன்மார் படுத்திருப்பார்கள். அம்மாவுக்கு ஒரு தடி வாங்கிக் கொடுத்து இதைச் சொல்லிக் கொடுங்கள். முழங்கால் வலியோ இருதய வருத்தமோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் தாதுகோபுரம் வரை வந்து மலையைக் கும்பிட்டுவிட்டு அவர் அறைக்குத் திரும்பலாம், உங்களில் ஒருவர் கூட இருங்கள். சூரிய உதயம் பார்த்தால்தான் யாத்திரை என்று யாரும் விதிக்கவில்லை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பகல் வெளிச்சத்தில் படி பார்த்து ஏறுவதும் அவருக்கு நல்லதுதான்.

மேலே செருப்பு, சப்பாத்தைக் கழற்ற வேண்டும். அந்தக் கல்லும் சீமெந்தும் ஐஸ் மாதிரி இருக்கும், ஆளுக்கு ஒரு சோடி தடித்த காலுறை பையில் இருக்கட்டும். ஸ்வெட்டரை ஏறும்போது போடாதீர்கள், மேலே போய் வேர்த்த சட்டையை மாற்றிவிட்டுப் போடுங்கள். பொலித்தீன் கொண்டுபோகத் தடை உண்டு, சாப்பாட்டை டப்பாவில் எடுங்கள். சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். நீங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் போங்கள். மலையின் நிழல் முக்கோணமாக, கோடு கீறினது மாதிரி, மூடுபனி மேல் விழுந்திருக்கும். கொஞ்ச நேரம்தான், பிறகு சுருங்கிவிடும். மேலே உள்ள மணியை எத்தனையாவது முறை ஏறுகிறீர்களோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம், மகனுக்கு ஒன்று.

பத்து, பதினொரு மணிக்குக் கீழே வந்துவிடுவீர்கள். அன்றே வவுனியாவுக்கு ஓடிப்போக நினைக்காதீர்கள், கண்டியில் ஒரு இரவு தங்குங்கள். நல்லதண்ணியிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தை, முதல் நாள் வந்து இறங்கும்போதே அந்த பஸ் நடத்துனரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கால் வலியோடு வந்து நிற்கும்போது, போன பஸ்ஸின் புகையைப் பார்ப்பது மாதிரி வேதனை வேறில்லை.