பரணில் கிடந்த வால்வு ஆம்ப்ளிபயரை நானே திறந்து சரி பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் ‘சும்மா ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே’ என்று பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பதினைந்து வருடமாக ஓடாத மைக் செட் ஆம்ப்ளிபயர், அவுட்புட்டில் இரண்டு ஈ.எல்.34 வால்வு (கண்ணாடிக் குழாய்), கடைசியாக ஓடியபோது ‘ம்ம்ம்’ என்று ஒரே ஹம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

எனக்கு ஷாக் அடித்தது செட் ஓடிக்கொண்டிருந்தபோது இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டீ குடித்து வந்து உட்கார்ந்து, உள்ளே கை வைத்தபோதுதான். டி.சி.யைச் சீராக்கும் பில்டர் கண்டன்சரின் சார்ஜை வடிப்பதற்கென்று இருந்த பிளீடர் ரெசிஸ்டர் எப்போதோ உள்ளே அறுந்து ஓபன் ஆகியிருக்கிறது. இடது கை சேசிஸை, அதாவது செட்டின் உலோகச் சட்டத்தைப் பிடித்திருந்ததால் இரண்டு தோளும் சேர்ந்து வெட்டி இழுத்தது. அன்றிலிருந்து இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள்தான்.

இந்த வகை செட்டில் எச்.டி. லைன் (ஹை டென்ஷன், வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) 400, 450 வோல்ட் டி.சி. இருக்கும். 100 மைக்ரோபாரட் கண்டன்சர் 450 வோல்ட்டில் 10 ஜூல் பிடித்து வைத்திருக்கும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். இந்த ஷாக் டிரான்ஸ்பார்மரின் செகண்டரி பக்கத்தில் அடிப்பது, ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து சார்ஜை இறக்குவார்கள். பார்க்க வீரமாக இருக்கும். பொறி பறக்கும், கண்டன்சரும் கெடலாம். 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்லீவ் போட்டு மூடி, இரண்டு பக்கமும் க்ளிப் வயர் சால்டர் செய்துகொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கியபின் ஒரு க்ளிப்பை முதலில் சேசிஸில் மாட்டி, மற்றதை ஒரே கையால் கண்டன்சரின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். பத்து விநாடி போதும். அப்புறம் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பில்டர் கண்டன்சரையும் தனித்தனியாக. வேலை முடியும்வரை க்ளிப் மாட்டியே இருக்கட்டும், ஏனென்றால் காலியான எலக்ட்ரோலிட்டிக்கில் (இந்த பில்டர் கண்டன்சரின் வகை) கொஞ்சம் வோல்டேஜ் தானாகவே திரும்பி ஏறும்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். உங்கள் ஹம் 100 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் காய்ந்துபோன பில்டர் கண்டன்சர்தான். எப்படியும் இத்தனை வருடத்துக்கு அதை மாற்றாமல் கரண்ட் கொடுக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங், எர்த்திங் பக்கம் தேடுங்கள். இரண்டு கம்பி மெயின் வயர் இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று கம்பி வயர் போட்டு எர்த்தைச் சேசிஸில் இறுக்குங்கள்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரீஸில் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காவிட்டால் உள்ளே ஷார்ட். இந்த பல்பு செட்டைத்தான் காப்பாற்றும், உங்களை இல்லை.

ஈ.எல்.34 இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் டி.சி. பாருங்கள். அது வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட். பூஜ்யமோ மைனஸோ வர வேண்டும். பிளஸ்ஸில் சில வோல்ட் வந்தால், முந்தைய ஸ்டேஜிலிருந்து சிக்னலை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கண்டன்சர் லீக். அதோடு வால்வைச் சொருகினால் உள்ளே பிளேட் சிவக்கும், கொஞ்ச நேரத்தில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும். அந்த டிரான்ஸ்பார்மர் இன்று கடையில் எளிதில் கிடைக்காது. லோடு இல்லாமல் ஓடினாலும் அது போகலாம். அதனால்தான் ஸ்பீக்கரோ, 8 ஓம் டேப்பில் (ஸ்பீக்கர் மாட்டும் 8 ஓம் முனை) 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டரோ மாட்டாமல் வால்வுகளோடு செட்டை ஓட்டவே கூடாது.

செட் ஓடும்போது மீட்டர் முனையைக் கையில் பிடித்து நோண்ட வேண்டாம். கரண்டை நிறுத்தி, டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரின் க்ளிப்பை மாட்டி, டிஸ்சார்ஜ் வயரைக் கழற்றியபின் கரண்ட் கொடுத்து, கையை எடுத்துவிட்டுப் படியுங்கள். வீட்டில் வேறு ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே என்று அவருக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள்.