துளிர் வந்தது, வேர் எங்கே?

இந்தத் தடவை வாசகர்களிடமிருந்து வந்த தோட்டக் கேள்விகளைப் படித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: குச்சி நட்டேன், துளிர்த்தது, செத்துப்போனது. அதனால் பூச்சிக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, போத்து வைத்து, அதாவது குச்சி வெட்டி நட்டு, வளர்ப்பதையும் அதை நாலு பேருக்குக் கொடுப்பதையும் பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ஆன்லைனில் வாங்கிய அமெரிக்க எல்டர்பெரிச் செடி (சின்னச் சின்னக் கறுப்புப் பழம் காய்க்கும் புதர்) என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தீபாவளிக்குள் தங்கைகளுக்கும் அண்ணிக்கும் ஆளுக்கொரு கன்று கொடுக்கலாம் என்று பத்துக் குச்சி வெட்டி நட்டேன். பத்தும் துளிர்த்தன. மூன்றாவது வாரம் அடியிலிருந்து கருத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேனே அக்கா! (கோலாலம்பூர், செகாம்புட் வாசகி)

அந்த இரண்டு வேளைதான் கொன்றது, தங்கச்சி.

எல்டர்பெரிக் குச்சியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி நெட்டி இருக்கும். குச்சி எவ்வளவு இளசோ, நெட்டி அவ்வளவு அதிகம், சுற்றியுள்ள கட்டை அவ்வளவு மெல்லிசு. ஈர மண்ணில் அது எளிதில் அழுகும். நீங்கள் நுனிப் பக்கத்துப் பச்சைக் குச்சியை வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நுனியை விட்டுவிட்டுக் கீழே வாருங்கள். பட்டை பச்சை மாறிப் பழுப்பாகி, மேலே சின்னச் சின்னப் புள்ளி மேடுகள் தெரியும் இடம்தான் சரியான இடம். பென்சிலைவிடச் சற்றுப் பருமனாக, எட்டிலிருந்து பத்து அங்குல நீளம் போதும். கீழ் வெட்டு கணுவுக்கு ஒட்டினாற்போலச் சாய்வாகவும், மேல் வெட்டு நேராகவும் இருக்கட்டும். எது தலை, எது கால் என்று பிறகு குழம்ப வேண்டாம். இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்றோ இரண்டோ வெளியே. மேலே ஒரு ஜோடி இலையை மட்டும் வைத்து, அதையும் பாதியாக நறுக்கிவிடுங்கள்.

குளிர்நாடுகளில் இலை உதிர்ந்து செடி தூங்கும் மாதங்களில் போத்து வெட்டுவார்கள். கோலாலம்பூரில் செடி தூங்குவதே இல்லை. அதனால்தான் பட்டையைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறேன். காலண்டர் இங்கே உதவாது.

மண்ணைப் பற்றி: கறுப்பு மண் வேண்டாம், உரம் வேண்டவே வேண்டாம். ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் பாதிக்குப் பாதி. கருக்கிய உமி கிடைத்தால் அதிலும் ஒரு பிடி. மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடச் சொல்லும் வீடியோக்கள் எல்லாம் வறண்ட ஊர்க்காரர்களுக்கு. நம் ஊர்க் காற்றே ஈரத்துணி மாதிரி. அதற்கு மேல் ஒரு மூடியும் போட்டால் பூஞ்சைக்குப் பந்தி விரித்த மாதிரிதான். கார் போர்ச்சில், சாயங்கால மழை நேராக அடிக்காத வெளிச்சமான மூலையில் வையுங்கள். விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

இப்போது முக்கியமான விஷயம். துளிர் வந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். குச்சி தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்தே முதல் இலைகளை விட்டுவிடும். கையிருப்புக் காசில் கல்யாணம் செய்கிற மாதிரி. வேர் என்ற வருமானம் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்தால் மூன்றாவது வாரம் முடிந்தது கதை. வேர் வந்ததா என்று குச்சியை ஆட்டிப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம்; வருகிற வேரையும் அறுத்துவிடும். நான் செய்வது இது: கடையில் தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) கட்டித் தரும் பெரிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கப்பைக் கழுவி, அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டு, அதில் நடுவேன். வேருக்கு இருட்டு வேண்டும் என்பதால் கப்பைச் சுற்றி நாளிதழ்த் தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். வாரம் ஒருமுறை தாளை இறக்கிப் பார்த்தால் போதும். நாலு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் சுவரோரம் வெள்ளை நூல்கள் ஓடும். அந்த நூல்கள் பழுப்பேறிக் கிளைவிட்ட பிறகு தங்கைக்குக் கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் செடியோடு மனஸ்தாபத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

அவசரமென்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. உங்களிடம் இருப்பது அமெரிக்க இனம் என்பதால் தாய்ச் செடியைச் சுற்றி மண்ணிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். வேரோடு ஒன்றைப் பெயர்த்து எடுத்தால் இத்தனை கூத்தும் வேண்டாம்.

அதே எல்டர்பெரி. துணைக்கு இன்னொரு செடி இருந்தால்தான் நிறையக் காய்க்கும் என்கிறார்கள். என் செடியிலிருந்தே இன்னொரு போத்து வைத்தால் சரியாகிவிடுமா? (பெட்டாலிங் ஜெயா)

ஆகாது. போத்து என்பது அதே செடியின் இன்னொரு கிளை, அவ்வளவுதான்; பத்துச் சட்டியில் வைத்தாலும் ஒரே செடி. அயல் மகரந்தத்துக்கு வேறு ரகம் வேண்டும். அமெரிக்காவில் ஆடம்ஸ், யார்க் என்ற இரண்டு ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நடுவது அதற்காகத்தான். ஆகவே ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் ஒரே தாய்ச் செடியைப் பங்கு போட்டுக்கொண்டு, ஏன் காய் குறைவு என்று ஒருவரையொருவர் கேட்பதில் பயனில்லை.

இன்னொன்று. அமெரிக்க இனம் ஃபுளோரிடா வெயிலிலும் தானாக வளர்வது. நம் சூட்டைத் தாங்கும். ஐரோப்பிய இனம் குளிர்காலத்தை எதிர்பார்க்கிற ஜாதி. அதை வாங்கிவந்து சமவெளியில் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

லண்டனில் இருக்கும் அக்கா, தோட்டத்து எல்டர் குச்சிகளைக் கடித உறையில் வைத்து அனுப்புகிறேன் என்கிறார். சின்னக் குச்சிதானே, பரவாயில்லையா?

வேண்டாம். மலேசியாவின் 1976 ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் உறையின் அளவைப் பார்ப்பதில்லை. இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இதைக் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தென் அமெரிக்காவில் ரப்பர் மரத்தின் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. ரப்பரின் தாய்மண்ணான பிரேசிலின் அமேசான் பகுதியிலேயே பெருந்தோட்டமாக ரப்பர் போட முடியாமல் செய்தது அந்த நோய்தான். அது இங்கே வராமல் காப்பது இந்த நாட்டின் பழைய கவலை. என் அப்பா தோட்டத்தில் ரப்பருக்கு ஒட்டுக் கட்டியவர். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போகுமுன் கத்தியைத் துடைக்காமல் நகர மாட்டார். அவர் மகள் நான் எப்படி உறைக்குள் குச்சி அனுப்பச் சொல்வேன்?

பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடு. எல்டர்பெரி விஷம் என்று மருமகள் பயப்படுகிறாள். நட்ட செடியைப் பிடுங்கிவிடவா அம்மா? (செந்தூல்)

பிடுங்க வேண்டாம், ஆனால் மருமகள் சொல்வது உண்மை. இலை, தண்டு, வேர், பழுக்காத காய் எல்லாவற்றிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. நமக்கு இது புதிதல்லவே. மரவள்ளிக்கிழங்கிலும் அதே வகைதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியை வைத்தே வயிறு வளர்த்த நம் பாட்டிமார், தோலுரித்து, ஊறவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டி, நன்றாக வேகவைத்தார்கள். அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும். நன்றாகக் கருத்துப் பழுத்த பழத்தை மட்டும் காம்பில்லாமல் உதிர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். 1983 இல் கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்தார் இலையும் தண்டும் சேர்த்து நசுக்கிப் பிழிந்த சாற்றைப் பச்சையாகக் குடித்துவிட்டு, எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி ஆனது. இலைக் கஷாயம் போடச் சொல்லி வரும் வாட்ஸ்ஆப் செய்திகளை அழித்துவிடுங்கள். பிள்ளைகள் குச்சியை வாயில் வைத்து ஊதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்டியைக் குத்தி வெளியே தள்ளினால் நல்ல குழலாகிவிடும் என்பதுதான் இதில் ஆபத்து.

மண்ணே வேண்டாம், தண்ணீர்ப் போத்தலில் வைத்தாலே வேர் வருகிறது என்கிறாள் தோழி. பிளாட் வீட்டுக்கு அதுதானே வசதி?

வேர் வரும். ஆனால் தண்ணீரில் வந்த வேர் கண்ணாடி மாதிரி ஒடியும். மண்ணுக்கு மாற்றும்போது பாதி போய்விடும். அதைவிடப் பெரிய தலைவலி டிங்கி (டெங்கு) காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். என் வீட்டிலேயே நடந்தது. சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்த கண்ணாடிப் புட்டிகளில் ஒன்று திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. டிங்கிச் சோதனைக்கு வந்த இளைஞர் கைவிளக்கை அடித்துக் காட்டினார்: செம்பருத்திக் குச்சிக்குக் கீழே கொசுப் புழுக்கள் கமா கமாவாக நெளிகின்றன. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். எழுதிக் கொடுத்துவிட்டு, "செடி நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றும் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரில்தான் வைப்பேன் என்றால் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, புட்டியின் உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுவது இன்னும் நல்லது.

கறிவேப்பிலைப் போத்து ஏன் வேர் விடுவதே இல்லை?

அது அப்படித்தான். விடாப்பிடியாக முயன்று நான் தோற்ற செடி அது. மரத்தடியில் வரும் பக்கக் கன்றை வேரோடு எடுங்கள், அல்லது கருத்த பழத்தைப் பிசைந்து விதையை அன்றைக்கே விதையுங்கள். காயவைத்து டப்பாவில் போட்டால் முளைக்காது.

மல்பெரி போத்தைப் பினாங்கில் இருக்கும் நாத்தனாருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். எப்படிக் கட்டுவது? (பிரிக்பீல்ட்ஸ்)

மல்பெரி தங்கமான செடி, சொன்னபடி கேட்கும். இலையை முழுவதும் கிள்ளிவிடுங்கள். நாளிதழ்த் தாளை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, குச்சிகளைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். மேல் நுனிகளை உருகிய மெழுகில் ஒரு தடவை தோய்த்தால் ஈரமும் போகாது, தலை எது என்றும் நாத்தனாருக்குத் தெரிந்துவிடும். தலைகீழாக நட்டால் கஷ்டம். வேரைத் தூண்டும் சத்து செடிக்குள் மேலிருந்து கீழே இறங்குவது. திங்கட்கிழமை அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி ஞாயிறு இரண்டு நாளும் சூட்டில் வேகும்.

ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் "உன் மல்பெரி காய்க்கவே இல்லை" என்று போன் வரும். கிளைகளை முக்கால்வாசி வெட்டி, இருக்கிற இலையையும் உருவிவிட வேண்டும். புதுத் துளிரோடுதான் காய் வரும்.

மணி பிளாண்ட்டைத் திருடி வைத்தால்தான் வளருமாமே?

கேட்டு வாங்கிய கொடி ஒன்று என் வீட்டுக் குளியலறை ஜன்னலை மூடிக்கொண்டு நிற்கிறது. வேண்டுமானால் வந்து வெட்டிக்கொண்டு போங்கள். நான் தூங்குகிற மாதிரி நடிக்கிறேன்.