கடலோர வீட்டில் பூ விதைகளைக் கெடாமல் வைப்பது எப்படி?

தோட்டத்தில் எடுத்த விதை அடுத்த பருவத்தில் முளைப்பதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீடு ராமநாதபுரம் கடலோரத்தில், உச்சிப்புளிப் பக்கம். இங்கே உப்பு ஜாடியை மூட மறந்தால் பொழுது சாய்வதற்குள் நீர்த்துவிடும். விதையும் அப்படித்தான், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதல் வருஷம் துலுக்கச் சாமந்தித் தலைகளைக் காய்ந்துவிட்டது என்று நம்பி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். ஐப்பசி மழையில் பிரித்தால் மொத்தமும் பூஞ்சணம். பூவின் அடிக்காம்பு வரை பழுப்பான பிறகே கிள்ள வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

கனகாம்பரத்தில்தான் வேடிக்கை. காய்ந்த கதிரில் ஈரம் பட்டால் காய் வெடித்து விதை தெறித்துவிடும். அதனால் கதிர் காய்ந்ததும், மழைக்கு முந்தி வெட்டிவிட வேண்டும். அப்பத்தா அந்த வெடிப்பையே வேலைக்கு வைத்துக்கொள்வார்: கதிர்களை ஓலைக் கொட்டானில் போட்டு, தண்ணீர் தெளித்து, துணியால் மூடிவிடுவார். உள்ளே பட் பட்டென்று சத்தம் கேட்கும். அந்த விதையை உடனே நிழலில் உலர்த்த வேண்டும். டெல்லி கனகாம்பரத்தில் விதைக்காகக் காத்திருக்காதீர்கள், அதைக் குச்சி வெட்டி வேர்பிடிக்க வைத்துத்தான் பெருக்க முடியும். காசித்தும்பையும் வெடிக்கும்; பருத்த காயை உள்ளங்கைக்குள் பொத்திப் பறியுங்கள். வாடாமல்லியில் ஒரு பாடும் இல்லை, காய்ந்த பூவை உதிர்த்தால் போதும்.

உலர்த்துவது கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் சுலபம். கொண்டல் என்கிற கீழ்காற்று திரும்பிவிட்டால் கஷ்டம். நிழலில் ஒரு வாரம் போட்டு, சற்றுப் பெரிய விதையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் காயவில்லை. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு.

அப்புறம் காகிதப் பொட்டலமாக மடித்து, பெயரும் மாதமும் எழுதி, இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். அடியில் வறுத்து நன்றாக ஆறிய அரிசி இரண்டு பிடி போட்டால் மிச்ச ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்த உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த விதைமேல் நம் ஊர்க் காற்று வியர்த்துவிடும். சில மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும்.

விதைப்பதற்கு முன் 10 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் 6, 7 முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். 3 மட்டும் என்றால் நெருக்கமாகத் தூவுங்கள்.