ஜீன் டெஸ்ட்டுக்கு டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. நுரையீரல் புற்றுநோய், அதில் அடினோகார்சினோமா என்ற வகை, பரவிவிட்ட நான்காம் நிலை. சிகிச்சைக்கு முன் ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். பல ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கும் என்ஜிஎஸ் பேனலுக்குச் செலவு அதிகம். இஜிஎஃப்ஆர் என்ற ஒரு ஜீனை மட்டும் பார்த்தால் போதும் என்கிறார் சித்தப்பா. அப்பா பெயரில் உள்ள டெபாசிட்டை உடைக்கலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: டெஸ்ட்டுக்குத் தேவையான அளவு எடுங்கள், முழுவதையும் உடைக்காதீர்கள். டெஸ்ட் ஒருமுறைச் செலவு. கட்டியில் எந்த ஜீன் மாறியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் பார்த்து, அதற்கென எழுதப்படும் மாத்திரைதான் மாதாமாதம் கையைக் கடிக்கும்.

சித்தப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆசியர்களிடம் இந்த வகைப் புற்றில் அதிகம் தென்படுவது இஜிஎஃப்ஆர் மாற்றம்தான். ஆனால் அது இல்லையென்று வந்தால்? அடுத்து ஏஎல்கே, பிறகு ஆர்ஓஎஸ்1, ரெட், மெட், பிராஃப் என்று மற்ற ஜீன்களை ஒவ்வொன்றாகப் பணம் கட்டிப் பார்க்க வேண்டும். பயாப்ஸி ஊசியில் வருவது நூலிழை போன்ற சதை. மெழுகில் பதித்த அந்தத் துண்டைச் சீவிச் சீவித்தான் ஒவ்வொரு சோதனையும் செய்கிறார்கள். அது தீர்ந்துபோனால் மறுபடி பயாப்ஸி; பணமும் போகும், நாளும் போகும். ரத்தத்தில் பார்க்கும் சோதனையும் உண்டு. அதில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம். 'இல்லை' என்று வந்தால் அதோடு விட முடியாது.

ஆகவே பேனலுக்கே என் ஓட்டு. அதற்காக நூற்றுக்கணக்கான ஜீன் கொண்ட பெரிய பேக்கேஜை லேப்காரர் நீட்டினால் உடனே தலையாட்ட வேண்டாம். மருந்து இருக்கும் ஜீன்கள் எல்லாம் இதில் அடங்குமா, அதற்கு மேல் உள்ளவை அப்பாவுக்கு எதற்கு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ரிப்போர்ட் வரச் சில வாரங்கள் ஆகலாம். பொறுக்க முடியாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியைத் தொடங்கிவிடலாமா என்று தோன்றும். இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதன் பின்னாலேயே, இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான மாத்திரையான ஓசிமெர்டினிப்பைக் கொடுத்தால் நுரையீரல் அழற்சி அபாயமும் கூடுகிறது. ரிப்போர்ட் வரும்வரை அப்பாவின் உடம்பு தாங்குமா என்பதை மட்டும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

இனி மாத்திரைக் கணக்கு. ஓசிமெர்டினிப்பை முதல் மருந்தாகக் கொடுத்த பெரிய ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 18.9 மாதம், அதே மாற்றத்துக்கான பழைய மாத்திரைகளில் 10.2. ஏஎல்கே மாற்றத்துக்கான லார்லாட்டினிப் எடுத்தவர்களில் 5 ஆண்டு கழித்தும் சுமார் 60 சதவீதம் பேருக்கு நோய் முற்றவில்லை. மருந்து நன்றாக வேலை செய்யச் செய்ய பில்லும் நீளும். குறைந்தது 24 மாதச் செலவுக்குத் திட்டமிடுங்கள். டெபாசிட்டைச் சிறு சிறு தொகைகளாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிர்வடையும்படி போடுங்கள். முதல் டப்பா வாங்கும் முன்பே மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம், ஜெனரிக் (அதே மருந்தை வேறு நிறுவனம் மலிவாகத் தயாரிப்பது) இரண்டையும் விசாரியுங்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குப் பாலிசி பணம் தருமா என்பது. ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டுமே தரும் பாலிசிகள் நிறைய. இன்னொன்று, ரிப்போர்ட்டில் 'மரபணு' என்று கண்டதும் பரம்பரை நோய் என்று ஒதுக்கப் பார்ப்பது. இந்த மாற்றங்கள் அநேகமாகக் கட்டியில் பின்னாளில் உண்டானவை, பிறவியிலேயே வந்தவை அல்ல. அதைக் குறிப்பிட்டு டாக்டரிடம் கடிதம் வாங்கி, முன்அனுமதிக்கு எழுத்தில் கேளுங்கள்.

டெபாசிட் அப்பா பெயரில் மட்டும் இருந்தால், அவர் தெம்பாகக் கையெழுத்துப் போடும்போதே அம்மாவைக் கூட்டாகச் சேர்த்துவிடுங்கள்.