தண்ணீர் மேஜை முதல் ஸ்வீப்பர் வரை: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் குடியிருப்பிலிருந்து 12 பேர் சேர்ந்து, ஓர் அரை மாரத்தானில் (21.1 கி.மீ.) 12-வது கிலோமீட்டர் தண்ணீர் மேஜையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறோம். காலை 5 மணிக்கு ஓட்டம் தொடங்கும், 1,000 பேர் வருகிறார்கள். எத்தனை கேன் வாங்குவது? எப்படிக் கொடுப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில் நேரக் கணக்கு. கிலோமீட்டருக்கு 4 நிமிடத்தில் ஓடுபவர் 5:48-க்கு உங்கள் மேஜைக்கு வந்துவிடுவார். பெருங்கூட்டம் 6 முதல் 7½ நிமிட வேகத்தில் வருவது. அதாவது 6:12-லிருந்து 6:30 வரை. அந்தப் 18 நிமிடத்தில் பாதிப் பேர் கடப்பதாக வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 28 பேர். 10 நிமிட வேகத்தில் வரும் கடைசி ஆள் 7 மணிக்கு வருவார். இதைத் தாளில் எழுதி மேஜையில் ஒட்டிவிடுங்கள்.

200 மில்லி பேப்பர் கப்பில் 120 மில்லி ஊற்றினால் போதும். நிறைத்துக் கொடுத்தால் பாதி சட்டையில்தான் கொட்டும். தலைக்கு ஒன்றரைக் கப் என்றால் 180 லிட்டர், 9 கேன். தலையில் ஊற்றிக்கொள்பவர்களுக்கும் சிந்துவதற்கும் இன்னும் 3. ஆகத் தண்ணீர் 12 கேன். பாதிப் பேர் ஆளுக்கு 100 மில்லி உப்புக்கரைசல் குடித்தால் அதற்குத் தனியாக 3 கேன். கப் 2,300 வாங்குங்கள்.

கரைசலில்தான் தவறு அதிகம் நடக்கிறது. எலக்ட்ரால் போன்ற பவுடரில் 1 லிட்டருக்கான பாக்கெட் என்றால் ஒரு கேனுக்குச் சரியாக 20 பாக்கெட். கேனின் குறுகிய வாய்க்குள் கொட்டிக் குலுக்கினால் பவுடர் அடியில் தங்கிவிடும். முதலில் வருபவருக்கு வெறும் தண்ணீர், பின்னால் வருபவருக்கு உப்புக் கஷாயம். கரைசல் மிகவும் கெட்டியானால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு வயிறு பிரட்டும். அகல வாய் டிரம்மில் கரைத்து, மொண்டு ஊற்றுங்கள். கரைசல் மேஜையைத் தண்ணீர் மேஜைகளுக்குப் பிறகு, ஒட்டிப் போடாமல் சில அடிகள் இடைவெளி விட்டுத் தனியாக வையுங்கள். கையில் கொடுக்கும்போதே “தண்ணி”, “எலக்ட்ரால்” என்று உரக்கச் சொல்லவேண்டும். தண்ணீர் என நினைத்துக் கரைசலைத் தலையில் ஊற்றிக்கொண்டவருக்கு மீதி 9 கிலோமீட்டரும் கண் எரியும்.

எல்லோரும் முதல் மேஜையில்தான் மொய்ப்பார்கள். 20 மீட்டர் முன்பே ஒருவர் நின்று “முன்னாடி இன்னும் மூணு டேபிள் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நெரிசல் கலையும். கப்பின் நடுவை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள், ஓடுபவர் வளைத்துப் பிடிக்க இடம் கிடைக்கும். குப்பைத் தொட்டியை மேஜையருகில் வைத்துப் பயனில்லை. குடித்து முடிக்க 50 மீட்டராவது ஆகும், அங்கே ஒன்று, 100 மீட்டரில் ஒன்று. வாழைப்பழம் கொடுப்பதானால் தோலைப் பொறுக்கத் தனி ஆள் வேண்டும்.

இன்னொன்று: 2 கேனை மேஜைக்கு அடியில் மூடி வைத்துவிடுங்கள், 6:40-க்கு முன் திறக்க வேண்டாம். தண்ணீர் தீர்ந்துபோனால் அது எப்போதும் கடைசி நூறு பேருக்குத்தான் தீர்கிறது. வெயிலில் அதிக நேரம் இருப்பவர்களும் அவர்களே.

ஓட்டப் பாதையின் யூ-டர்னில் வழிகாட்டும் மார்ஷலாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் போன பிறகு கிளம்பலாமா? வண்டிக்காரர்கள் சண்டைக்கு வந்தால்?
– வாசகர், தாம்பரம்

கிளம்பக்கூடாது. கெடு நேரத்தைக் கணக்கிட்டுக் கடைசியாக ஓடிவரும் ஸ்வீப்பரும் அவர் பின்னால் வரும் வண்டியும் கடந்த பிறகே உங்கள் வேலை முடிகிறது. துணைக்கு ஓர் ஆளைக் கேட்டு வாங்கிக்கொண்டால் நடுவில் சற்று ஒதுங்கி வரலாம்.

களைத்து ஓடுபவருக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது. முன்னால் போவது எதுவோ அதன் பின்னால் போய்விடுவார். 2017 வெனிஸ் மாரத்தானில் முன்னணி ஓட்டக்காரர்கள் ஒரு மோட்டார் சைக்கிளைத் தொடர்ந்து பாதை மாறிப் போனார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த இத்தாலியின் எயோப் ஃபனியேல் வென்றார். எனவே திருப்பத்துக்கு 30 மீட்டர் முன்பிருந்தே தெரியும்படி கையை முழுதாக நீட்டிக் காட்டுங்கள். பாதிப் பேர் காதில் பாட்டு ஓடும், குரல் மட்டும் போதாது.

திருப்பத்தைக் காட்ட வைத்திருக்கும் கோனை யாரும் நகர்த்த விடாதீர்கள். பாதையை அளவெடுக்கும்போது, தூரம் குறைந்துவிடாமலிருக்கக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பது முறை. அரை மாரத்தானுக்கு அந்தக் கூடுதல் மொத்தமே 21 மீட்டர்தான். யூ-டர்ன் கோன் 20 மீட்டர் உள்ளே வந்தால் போகவர 40 மீட்டர் குறைந்துவிடும், அத்தனை பேரின் நேரமும் செல்லாததாகிவிடும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தான் பாதை 2013 முதல் 2015 வரை 380 மீட்டர் குறைவாக இருந்தது பின்னர்தான் தெரியவந்தது. கோன் வைக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்து விளக்குக் கம்பத்தோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் போலீஸாருக்கு மட்டுமே. வண்டிக்குக் குறுக்கே போய் நிற்காதீர்கள். “ரெண்டு நிமிஷம்ணா, சார் விட்டுருவார்” என்று சொல்லிப் பக்கத்திலிருக்கும் காவலரைக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஓட்டக்காரர்களை நிறுத்தி வழிவிடவேண்டும்.

யாராவது மயங்கி விழுந்தால் மருத்துவம் தெரியாத நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, மதுரை

எங்கே விழுந்தார் என்று பாருங்கள். முடிவுக்கோட்டைத் தாண்டி, நின்ற மறுகணம் சாய்பவருக்குப் பெரும்பாலும் காலில் ரத்தம் தேங்கி அழுத்தம் இறங்கியிருக்கும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால் ஆபத்து அதிகம். உடனே மருத்துவக் குழுவையும் 108-ஐயும் அழையுங்கள். கிலோமீட்டர் பலகை, கம்ப எண், பிப் (ஓடுபவர் சட்டையில் குத்தியிருக்கும் எண் அட்டை) எண் மூன்றையும் சொல்லுங்கள்.

தள்ளாட்டம், உளறல், கோபம் இருந்தால் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொண்டு குளிர்விக்கத் தொடங்குங்கள். வியர்த்திருக்கிறதே, வெப்பத்தாக்காக இருக்காது என்று விட்டுவிடாதீர்கள், ஓட்டத்தில் வரும் வெப்பத்தாக்கில் உடம்பு நனைந்தே இருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடல் முழுக்கப் போட்டு, சூடேறச் சூடேற மாற்றி, விசிறுங்கள். முதல் அரைமணி நேரம் மிக முக்கியம், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உளறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இதை முன்கூட்டியே ஒரு நாள் பொம்மையில் பழகிவிட்டு வரவேண்டும். ஏற்பாட்டாளரிடம் அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

“குடிங்க, இன்னும் குடிங்க” என்று வற்புறுத்துவதும் தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம்.

எனக்கு 64 வயது, அதிக நேரம் நிற்க முடியாது. உதவ வழி உண்டா?
– வாசகர், திருச்சி

முந்தைய நாள் பிப் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்த வேலை இருக்கிறது. அடையாள அட்டையைப் பாருங்கள்; பிப்பின் பின்பக்கம் ரத்த வகை, அவசர எண் எழுதவைத்தே அனுப்புங்கள். ஓடும் நேரத்தைப் பதிவுசெய்யும் ‘சிப்’பை மடிக்கக்கூடாது, பிப்பை நெஞ்சில் குத்தவேண்டும் என்றும் சொல்லுங்கள். நண்பருக்குப் பதில் ஓடுகிறேன் என்பவருக்குக் கொடுக்காதீர்கள்: விபத்து நேர்ந்தால் வேறொருவர் ரத்த வகையும் வேறொருவர் வீட்டு எண்ணும்தான் கையில் இருக்கும்.

நான் மெதுவாக ஓடுபவள். எங்கள் ஓட்டக் குழுவில் என்னை ஸ்வீப்பராகப் போகச் சொல்கிறார்கள்.
– வாசகி, சென்னை

தாராளமாகப் போங்கள். அரை மாரத்தானுக்குக் கெடு மூன்றரை மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 57 விநாடி. 10 கிலோமீட்டர் பலகையை ஒரு மணி 39½ நிமிடத்தில் தொடவேண்டும். பலரும் முதல் பாதியில் வேகமாகப் போய், கெடுவுக்குள் இருப்பவரையே விரட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு பலகையிலும் கடிகாரத்தைப் பாருங்கள். இடுப்புப் பையில் போன், விசில், உப்புக்கரைசல் பாக்கெட், பிளாஸ்திரி, சேஃப்டி பின் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு தாண்டியவரிடம் மழுப்பாமல் சொல்லுங்கள்: “அக்கா, இனி ரோட்டைத் திறந்துடுவாங்க. பஸ்ல ஏறிக்கலாம், இல்ல பிளாட்பாரத்துல நடந்து வரலாம்.” நடக்கிறேன் என்றால் அவர் பிப் எண்ணை உடனே கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவியுங்கள். தண்ணீர் மேஜைக்காரர்கள் உங்களைப் பார்த்ததும் மூட்டை கட்டுவார்கள், எனவே அவருக்கு அங்கிருந்து ஒரு முழுப் பாட்டில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு நகருங்கள்.