சக்கரம் பொருந்தவில்லை, சரி. அளவைச் சொன்னது யார்?

கேள்வி: அப்பா 1970-களில் ஓட்டிய ஸ்டீல் ரோடு சைக்கிளுக்குச் சக்கரம் மாற்றக் கடையில் கொடுத்தேன். இருந்தது 27 இஞ்ச். போட்டுக் கொடுத்தது 700சி என்கிற, கொஞ்சம் சிறிய அளவு. பிரேக் கட்டை ரிம்மை விட்டு டயரை உரசுகிறது. பின்சக்கரம் நுழையவில்லை என்று ஃப்ரேமையே இழுத்து விரித்து மாட்டியிருக்கிறார்கள். வண்டி ஒருபக்கமாக இழுக்கிறது. பழைய சக்கரங்களை என்னைக் கேட்காமல் எடைக்குப் போட்டுவிட்டார்கள். போய்க் கேட்டால், ஓட்டை வண்டிக்கு இவ்வளவு அலட்டலா என்று கடைக்காரர் சிரிக்கிறார். மன உளைச்சலுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: கடைக்காரர் சிரித்ததை விடுங்கள், அது வழக்கு ஆகாது. அப்பாவின் நினைவுக்கும் நீதிமன்றம் பெரிதாக விலை போடாது. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தில்தான் எல்லாம் நிற்கிறது. வண்டியை நிறுத்தி “இதற்குப் பொருந்துகிற சக்கரம் போடுங்கள்” என்றீர்களா, இல்லை “700சி போடுங்கள்” என்று நீங்களே சொன்னீர்களா?

முதலாவது என்றால் கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். பொருள் அந்த உபயோகத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஆங்கிலேயரின் 1893 சரக்கு விற்பனைச் சட்டத்தை அடியொற்றிய நாடுகளில் பொதுவாக இதுதான் விதி. இரண்டாவது என்றால், சக்கரம் பற்றிய புகாரை இங்கேயே மறந்துவிடுங்கள். மாட்டிய வேலையைப் பற்றி மட்டும் பேசலாம்.

முதலாவதாகவே இருந்தாலும் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று கேளுங்கள். 27 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி-யில் 622. வித்தியாசம் 8, பக்கத்துக்கு 4 மி.மீ. கை நீளமான பிரேக் போட்டால் தீர்ந்தது. டயர் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகவே பழைய வண்டிக்காரர்கள் பலர் விரும்பி 700சி-க்கு மாறுகிறார்கள். ஆகவே பிரேக்கைப் பொறுத்தவரை உங்கள் நஷ்டம் ஒரு ஜோடி பிரேக்கின் விலை, அவ்வளவே. ஃப்ரேம் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். அப்பா காலத்து வண்டிகளில் ஃப்ரேமில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி பெரும்பாலும் 120 அல்லது 126 மி.மீ.; இன்றைய ரோடு சைக்கிள் ஹப்புகள் (சக்கரத்தின் நடுவிலுள்ள உருளை) பல 130. ஸ்டீல் ஃப்ரேமை அளவாக விரிப்பது தொழிலில் நடப்பதுதான், அதையே கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. விரித்தபின் இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டார்களே, அதைத்தான் நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுகிற இடம் இதுதான். ஆத்திரத்தில் வண்டியை இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிமிர்த்திவிட்டு, அப்புறம் நோட்டீஸ் அனுப்பச் சொல்வார்கள். “வளைத்தது நானா, அந்த இரண்டாவது ஆளா?” என்று எதிர்த்தரப்பு ஒரே கேள்வி கேட்கும். பதில் இருக்காது. வேறு சிலர் பொருந்தாத சக்கரத்தோடே ஓட்டிக்கொண்டிருப்பார்கள், நடுவில் கடைக்காரருக்கு “சரிண்ணா, ஓட்டிப் பார்க்கிறேன்” என்று வாட்ஸ்அப் வேறு. ஓட்டினால் பொருளை ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். திருப்பிக் கொடுக்கும் உரிமை போய் நஷ்டஈடு மட்டுமே மிஞ்சலாம். டயரை உரசும் பிரேக்கோடு போய் விழுந்தால் தெரிந்தே ஓட்டினீர்கள் என்று அதையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். டயர் தேய்ந்து வெடிக்கும் என்பது தனி. எனவே வண்டியைத் தொடாதீர்கள். கடைக்காரருக்கு எழுத்தில் தகவல் கொடுத்துவிட்டு, ஃப்ரேம் வேலை தெரிந்த ஒருவரை வைத்து அளந்து, படமும் கையெழுத்திட்ட குறிப்பும் வாங்குங்கள். ஃப்ரேமில் பின்சக்கரம் மாட்டும் ஒரு முனையிலிருந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாயைச் சுற்றி மறுமுனைக்கு நூல் கட்டி, இருக்கைக் குழாய்க்கு இருபுறமும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே கோணல் தெரிந்துவிடும்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன பழைய சக்கரங்கள்தான் உங்கள் கையிலுள்ள நல்ல சீட்டு. அவை உங்கள் சொத்து; கேட்காமல் விற்க அவருக்கு உரிமை கிடையாது. ரிம் தேய்ந்திருக்கலாம், ஆனால் அந்தக் காலத்து ஹப்புக்கு இன்றும் வாங்க ஆள் உண்டு. ஹப்பின் பெயர் தெரியும் பழைய புகைப்படம் இருந்தால் தேடி எடுங்கள். “பழசு வேண்டாம்” என்று நீங்கள் வாய்தவறிச் சொல்லியிருந்தால் மட்டும் இந்தச் சீட்டு செல்லாது.

வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போங்கள். கிடைக்கப்போகும் தொகை, நீங்கள் அலையும் அலைச்சலுக்குக் காணாது. பொருந்தும் பிரேக், ஃப்ரேமை நேராக்கும் செலவு, பழைய ஹப்புகளுக்கு ஒரு தொகை, இந்த மூன்றையும் கேளுங்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டுப் பேச்சைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பணத்தோடு “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்றொரு காகிதம் நீட்டுவார். ஃப்ரேமை அளந்து, விரிசல் இல்லை என்று உறுதியான பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.