ரிப்போர்ட்ல ‘கிராம் நெகட்டிவ்’னு வந்தா கிருமி இல்லைன்னு அர்த்தமா?

கேள்வி: அம்மாவுக்கு யூரின் போறப்போ எரிச்சல். கல்ச்சர் ரிப்போர்ட்ல ‘கிராம் நெகட்டிவ் பேசிலை, ஈ.கோலை, 1 லட்சத்துக்கு மேல’ன்னு இருக்கு. நெகட்டிவ்தானேன்னு விட்டுடலாமா, இல்ல போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை குடுக்கலாமா?

ரெண்டுமே வேண்டாங்க. கல்ச்சர்ங்கறது யூரின்ல இருக்கற கிருமியை லேப்ல வளர்த்துப் பார்க்கறது, பேசிலைன்னா குச்சி மாதிரி இருக்கற கிருமி, ஈ.கோலை அதோட பேரு. ஆக கிருமி இருக்கு, ஒரு மில்லியில லட்சத்துக்கு மேலன்னா நல்லாவே இருக்கு. இந்த ‘நெகட்டிவ்’ வெறும் சாய விவகாரம். 1884-ல கிராம்னு ஒரு டென்மார்க் டாக்டர் கிருமிகள் மேல ஊதா சாயம் போட்டு ஆல்கஹால்ல கழுவிப் பார்த்தாரு, சிலதுல சாயம் அப்படியே நின்னுச்சு, சிலதுல போயிடுச்சு, போனதுக்குத்தான் பின்னாடி கிராம் நெகட்டிவ்னு பேரு ஆச்சு. டைபாய்டு, காலரா, பிளேக், வெட்டை நோய் எல்லாத்தோட கிருமியும் இந்தக் கூட்டம்தான், அதுக்காக பயந்துடாதீங்க, ஈ.கோலை நம்ம எல்லார் குடல்லயும் சும்மா இருக்கறதுதான், யூரின் பாதைக்கு இடம் மாறுனாதான் தொல்லை, யூரின் இன்ஃபெக்‌ஷன்ல பெரும்பாலும் மாட்டுறது இதுதான்.

மிச்ச மாத்திரையை ஏன் வேண்டாங்கறேன்னா, இந்தக் கிருமிகளுக்கு வெளிய இன்னொரு உறை இருக்கு, நிறைய மருந்து அதைத் தாண்டியே போகாது, தாண்டிப் போனதையும் சிலது என்சைம் விட்டு உடைச்சிடும், ரிப்போர்ட்ல ‘ஈஎஸ்பிஎல்’னு போட்டிருந்தா அந்த வகைதான். கீழ ஒவ்வொரு மருந்துக்கு நேரா எஸ், ஆர்னு இருக்கும் பாருங்க, எஸ்னா கேட்கும், ஆர்னா கேட்காது. அதுக்காக எஸ் இருக்கறதை நீங்களே வாங்கிடாதீங்க, நைட்ரோஃபுரான்டோயின்னு ஒரு மருந்து, மூத்திரப்பை வரைக்கும் நல்லா கேட்கும், கிருமி கிட்னிக்கு ஏறிட்டா அது பத்தாது. எதுன்னு டாக்டர்தான் ஆளைப் பார்த்து சொல்லணும்.

குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி, இல்ல அம்மா திடீர்னு குழப்பமா பேசுறாங்கன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க. அந்த வெளி உறையில எண்டோடாக்சின்னு ஒரு நச்சு இருக்கு, கிருமி ரத்தத்துல கலந்துட்டா அதுதான் பிரஷரை சட்டுனு இறக்கிடும்.

மாத்திரை முடிஞ்சு எரிச்சலும் போயிட்டா, சரியாச்சான்னு பார்க்க பொதுவா திரும்ப கல்ச்சர் எடுக்க வேண்டியதில்ல.